புறவன்தட்டு: பிரித்தல், வடிவூட்டல் வரலாறு

புறவன்தட்டு என்பது கணினிப் பெட்டிக்கு வெளியே, யு.எஸ்.பி. போன்ற வடத்தின் மூலம் இணைத்துப் பயன்படுத்தப்படும் சேமிப்புக் கருவியாகும். பேச்சு வழக்கில் இது எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் எனப்படுகிறது. ஒரு கணினியில் எழுதிய கோப்புகளை வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்வதே இதன் முதன்மைப் பயன். ஆனால் ஒரு கணினி எழுதிய தட்டை மற்றொரு கணினி படிக்குமா என்பது, தட்டு எவ்வாறு பாகம் பிரிக்கப்பட்டு வடிவூட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இந்த ஏற்பாடுகள் பல பத்தாண்டுகளாக நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டு வந்துள்ளன. விண்டோஸ், மேக், லினக்சு மூன்றும் தங்கு தடையின்றிப் படித்து எழுதக்கூடிய பொது முறை 2020 அளவில்தான் முழுமை பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மாணவர்களின் பாடக் கோப்புகள், குடும்பங்களின் கல்யாண நிகழ்படங்கள், திரைப்படங்கள் எல்லாம் இந்த வேறுபாடுகளுக்கு நடுவேதான் பயணம் செய்தன. சென்னையின் மேற்குப் புறநகர்களான வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலிருந்தும் தமிழ்நாட்டின் பிற அனுபவங்களிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்து இவ்வரலாறு இங்கே தரப்படுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

வன்தட்டைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதில் இரண்டு படிகள் உள்ளன. முதலாவது பாகம் பிரித்தல். இது ஒரு பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிப்பதைப் போன்றது. எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் வரைபடம் தட்டின் தொடக்கத்தில் எழுதப்படுகிறது. இதற்குப் பாகப் பட்டியல் என்று பெயர். தட்டு முழுவதையும் ஒரே பாகமாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

இரண்டாவது படி வடிவூட்டல், அதாவது ஃபார்மட் செய்தல். ஒவ்வொரு பாகத்திலும் கோப்புகளைக் கணக்கு வைக்கும் பதிவேடு ஒன்று இப்படியில் உருவாக்கப்படுகிறது. எந்தக் கோப்பின் பெயர் என்ன, அதன் துண்டுகள் எந்தெந்த இடத்தில் உள்ளன, எந்த இடம் காலியாக உள்ளது என்பனவற்றை அப்பதிவேடு சொல்லும். பதிவேட்டை எழுதும் விதிகளின் தொகுப்பே கோப்பு முறைமை எனப்படுகிறது. ஒரு கணினியின் இயங்குதளத்துக்கு அந்த விதிகள் தெரியாவிட்டால், தட்டில் கோப்புகள் நலமாக இருந்தாலும் அதற்கு அவை புலப்படாது.

விரைவு வடிவூட்டலில் பதிவேடு மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. பழைய கோப்புகளின் உள்ளடக்கம் அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும் வரை சுழலும் தட்டில் அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் இதனால்தான் செயல்பட முடிகிறது. முழு வடிவூட்டல் வேறு வகை. விண்டோஸ் விஸ்டா முதல், முழு வடிவூட்டல் பாகம் முழுவதும் சுழியங்களை எழுதுவதால் அதன்பின் மீட்பதற்கு எதுவும் எஞ்சாது.

தொடக்கக் காலம்

முதல் வணிக வன்தட்டு 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில் இடம்பெற்றது. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் கொண்ட அக்கருவியில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. அது அலமாரி அளவினதாக இருந்ததால் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மாற்றும் தேவையே அப்போது எழவில்லை.

தனியாள் கணினிகளின் காலத்தில் நிலைமை மாறியது. 1977-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மார்க் மெக்டொனால்டு, நெகிழ்தட்டுகளுக்காக ஃபாட் என்னும் எளிய கோப்பு முறைமையை எழுதினார். பாகத்தின் இடங்களையெல்லாம் வரிசையாக எண்ணிட்டு, ஒரு துண்டுக்கு அடுத்த துண்டு எது என்று ஒரே அட்டவணையில் குறித்து வைப்பது அதன் முறை. எளிமையே அதன் வலிமையாக அமைந்தது. பின்னாளில் ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டன.

1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. உடன் வந்த டாஸ் 2.0 இயங்குதளத்தில்தான் பாகம் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் அறிமுகமானது. ஒரே தட்டில் டாசும் வேறு இயங்குதளங்களும் தனித்தனிப் பாகங்களில் குடியிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தட்டின் முதல் 512 பைட்டுகளில் நான்கு பாகங்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கப்பட்டது. எம்.பி.ஆர். எனப்படும் இந்த ஏற்பாடு கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

ஃபாட்32 முறையும் 4 ஜிகாபைட்டு எல்லையும்

தட்டுகள் பெருக்கப் பெருக்க ஃபாட் முறை விரிவாக்கப்பட்டது. 1996-இல் விண்டோஸ் 95 இயங்குதளத்தின் திருத்திய பதிப்பில் ஃபாட்32 வந்தது. விண்டோஸ், மேக், லினக்சு ஆகிய மூன்றும், தொலைக்காட்சிப் பெட்டிகளும், கேமராக்களும் இதனைப் படித்தன. 2000-களில் வெளிவந்த பென்டிரைவுகளும் புறவன்தட்டுகளும் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் வடிவூட்டப்பட்டு விற்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இம்முறையில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 இரும இலக்கங்களே உள்ளன. எனவே எந்தத் தனிக்கோப்பும் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. தட்டில் 500 ஜிகாபைட்டு காலியாக இருந்தாலும் 5 ஜிகாபைட்டுக் கோப்பு ஒன்றை நகலெடுக்க முயன்றால், கோப்பு மிகப் பெரியது என்னும் செய்தியே வரும். இடம் இருந்தும் ஏன் ஏற்கவில்லை என்பது பயனர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது.

உயர்துல்லிய நிகழ்படம் பரவியபோது இந்த எல்லை அன்றாடச் சிக்கலாயிற்று. வானகரம் முதல் பூந்தமல்லி வரை நெடுஞ்சாலையை ஒட்டிப் பல கல்யாண மண்டபங்கள் உள்ளன. அத்தகைய மண்டபம் ஒன்றில் நொடிக்கு 24 மெகாபிட்டு வீதத்தில் முகூர்த்தத்தைப் பதிவு செய்வதாகக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 10.8 ஜிகாபைட்டு சேரும். 24 நிமிடங்களுக்குள் 4 ஜிகாபைட்டு எல்லை வந்துவிடும். இதனால் கேமராக்கள் பதிவை நிறுத்தாமல், கோப்பை மட்டும் துண்டு துண்டாக வெட்டி எழுதின. மாலை மாற்றுதல் ஒரு கோப்பிலும் தாலி கட்டுதல் மற்றொரு கோப்பிலும் கிடப்பது இதன் விளைவுதான். தொகுத்து முடித்த ஒரே நீளப் படத்தை வாடிக்கையாளரின் தட்டில் ஏற்ற வேண்டுமானால் அந்தத் தட்டின் கோப்பு முறைமையை மாற்றியாக வேண்டியிருந்தது.

நிறுவனத்துக்கு ஒரு முறை

ஃபாட்32-க்கு மாற்றாகச் சிறந்த முறைகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்குள் அடங்கியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் 1993-இல் விண்டோஸ் என்.டி. இயங்குதளத்துடன் என்.டி.எஃப்.எஸ். முறையை வெளியிட்டது. இதில் கோப்பு அளவுக்கு நடைமுறையில் எல்லை இல்லை. மேலும், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும் வழக்கம் இதில் உண்டு. இடையில் மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்துப் பதிவேட்டைச் சீர்செய்துகொள்ளலாம். 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டுக் காலத்தில், சென்னையிலேயே நாளொன்றுக்கு 2 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. வெளி மாவட்டங்களில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. சுவர்மின்சாரத்தில் இயங்கிய பெரிய புறவன்தட்டுகளுக்குக் குறிப்பேடுள்ள முறையும் இல்லாத முறையும் தந்த பாதுகாப்பில் பெரும் வேறுபாடு இருந்தது.

ஆப்பிள் நிறுவனம் 1985-இல் எச்.எஃப்.எஸ். முறையையும், 1998-இல் அதன் விரிவான எச்.எஃப்.எஸ். பிளஸ் முறையையும், 2017-இல் ஏ.பி.எஃப்.எஸ். முறையையும் கொண்டுவந்தது. லினக்சு உலகில் 1993-இல் எக்ஸ்ட்2, 2001-இல் எக்ஸ்ட்3, 2008-இல் எக்ஸ்ட்4 ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

இவற்றிடையே போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவே இருந்தது. மேக் கணினி 2003 முதல் என்.டி.எஃப்.எஸ். தட்டைப் படித்தது, ஆனால் எழுதாது. விண்டோஸ் தானாக மேக் தட்டையும் படிக்காது, லினக்சுத் தட்டையும் படிக்காது. என்.டி.எஃப்.எஸ். முறையின் முழு விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிடாததால், லினக்சு நிரலாளர்கள் அதன் தட்டுகளை ஆராய்ந்து ஆராய்ந்தே அதன் விதிகளைக் கண்டறிய வேண்டியிருந்தது. நம்பகமாக எழுதும் ஆற்றலுள்ள என்.டி.எஃப்.எஸ்.-3ஜி என்னும் கட்டற்ற மென்பொருள் 2007-இல்தான் நிலையான பதிப்பாக வெளிவந்தது.

ஃபார்மட் செய்யவா என்னும் கேள்வி

2000-இல் வெளியான யு.எஸ்.பி. 2.0 தரம், புறவன்தட்டை எல்லோரும் வாங்கும் பொருளாக்கியது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கணினி உதிரிபாகங்களோடு புறவன்தட்டுகளும் விற்பனையாயின. தட்டு கைக்கு எளிதாகக் கிடைத்ததும் அது வெவ்வேறு கணினிகளைச் சந்திப்பதும் பெருகியது.

அறிமுகமில்லாத கோப்பு முறைமையுள்ள தட்டைச் செருகினால், அதைப் பயன்படுத்தும் முன் வடிவூட்ட வேண்டும் என்று விண்டோஸ் சொல்லி, வடிவூட்டலாமா என்று கேட்கும். மேக் கணினியும் தட்டைப் படிக்க இயலவில்லை என்று கூறித் தொடக்கநிலைப்படுத்தும் பொத்தானைக் காட்டும். இரண்டும் உண்மையில் சொல்ல வேண்டியது, இந்தத் தட்டின் முறை எனக்குத் தெரியாது என்பதுதான். ஆனால் அச்செய்தி, தட்டு பழுதடைந்திருப்பதாகவும் வடிவூட்டலே மருந்து என்பதாகவும் பயனருக்குத் தோன்றும்படி அமைந்தது. சரி என்று அழுத்தினால், நலமாக இருந்த பதிவேடு அழிந்து புதிய வெற்றுப் பதிவேடு எழுதப்படும். இவ்வாறு ஒரு கணினியின் அறியாமை, மற்றொரு கணினியில் சேர்த்த கோப்புகளின் இழப்பாக முடிய வாய்ப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டு இயங்குதளங்கள், ஒரே தட்டு: மடிக்கணினித் திட்டம்

தமிழ்நாட்டில் மிகப் பலர் பாகம் பிரித்த வன்தட்டை முதன்முதலாகச் சந்தித்தது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலமாகும். முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் இத்திட்டத்தின் கொள்முதலை எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் மேற்கொண்டது. முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் கணினிகள் வாங்கத் திட்டமிடப்பட்டது.

தொடக்கக் கட்டக் கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளமாகும். கணினியை இயக்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திரையில் தோன்றும்.

இரட்டை இயங்குதளக் கணினியில் ஒரே தட்டு பல பாகங்களாகப் பிரிந்திருக்கும். விண்டோசுக்கு என்.டி.எஃப்.எஸ். பாகம், லினக்சுக்கு எக்ஸ்ட் வகைப் பாகம் எனத் தனித்தனியாக அமையும். இதில் ஒரு சமனின்மை உண்டு. லினக்சுக்குள் நுழைந்த மாணவர் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி வழியாகத் தம் விண்டோஸ் கோப்புகளைத் திறக்கலாம். விண்டோசுக்குள் நுழைந்தவருக்கோ லினக்சில் சேமித்த கோப்புகள் தென்படா. லினக்சில் எழுதிய கட்டுரை காணாமல் போய்விட்டதாக அவர் கருதவும் கூடும். கோப்பு அதே தட்டில், சில விரற்கடை தூரத்தில்தான் இருக்கும்.

எம்.பி.ஆர். முறையில் நான்கு முதன்மைப் பாகங்களே இருக்க முடியும் என்பது மற்றொரு இடர். மீட்புப் பாகம், தொடக்கப் பாகம், விண்டோஸ் பாகம் என மூன்று போனால் லினக்சுக்கும் கூடுதல் டிரைவுக்கும் சேர்த்து ஒரே இடம்தான் மிஞ்சும். நான்காவதை நீட்டிப்புப் பாகமாக்கி அதற்குள் உட்பாகங்களை வைப்பது வழக்கம். இதை அறியாமல், இடம் வேண்டி விண்டோஸ் வழியாக லினக்சுப் பாகத்தை அழித்தால், இயங்குதளப் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலின் பெரும்பகுதியும் சேர்ந்தே அழிந்துவிடும். அடுத்த முறை கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் அழியவில்லை, அதற்குச் செல்லும் வழிதான் அழிந்திருக்கும். நிறுவல் தட்டைக் கொண்டு தொடக்கப் பதிவைத் திருத்தினால் சரியாகிவிடும் இச்சிக்கலுக்கு, தட்டு முழுவதையும் வடிவூட்டுவது தேவையற்ற தீர்வாகும்.

தட்டில் பயணித்த திரைப்படம்

வேறொரு கணினிக்காகத் தட்டை வடிவூட்டுவதில் மிகுந்த கட்டுப்பாடு தேவைப்பட்ட துறை திரைப்படத் துறை. சென்னையில் ஜெயேந்திரா பஞ்சாபகேசன், செந்தில் குமார் ஆகியோர் 1986-இல் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம் கணினிவழிப் படத்தொகுப்பைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் வெளியான மகாநதி, அவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அதே நிறுவனம் பின்னர் கியூப் என்னும் எண்ணிமத் திரையிடல் முறையை உருவாக்கியது.

படச்சுருள் பெட்டிகளின் இடத்தை வன்தட்டுகள் பிடித்தபோது, எந்த ஊர்த் திரையரங்கிலும் தட்டு திறக்க வேண்டும் என்னும் தேவை எழுந்தது. ஹாலிவுட் நிறுவனங்களின் கூட்டமைப்பான டி.சி.ஐ. 2005-இல் எண்ணிமத் திரைப்படத்துக்கான வரையறையை வெளியிட்டது. அதன்படி காட்சிப் பகுதி நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட்டு வரை செல்லலாம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றுக்கு இந்த உச்ச வீதத்தில் கணக்கிட்டால் காட்சிப் பகுதி மட்டுமே 281 ஜிகாபைட்டு ஆகும். ஃபாட்32 இங்கே பயன்படாது என்பது வெளிப்படை.

திரையரங்குச் சேவையகங்களில் பல லினக்சில் இயங்குபவை. எனவே எம்.பி.ஆர். பட்டியலில் ஒரே முதன்மைப் பாகம், அதில் எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்3 முறை என்பதே உலகளாவிய பரிந்துரையாயிற்று. ஒவ்வொரு கோப்புக்குமான பதிவு 128 பைட்டு நீளம் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2008-க்குப் பின் வந்த லினக்சுக் கருவிகள் இயல்பாக 256 பைட்டுப் பதிவுகளை எழுதியதால், புதிய கணினியில் கவனமின்றி வடிவூட்டிய தட்டைப் பழைய சேவையகம் ஏற்காமல் போக வாய்ப்பிருந்தது. மேக் கணினியில் தொகுக்கப்பட்ட படம் மேக் எழுத முடியாத முறையில் வெளியேற வேண்டியிருந்ததால், இறுதிப் படியில் லினக்சுக் கணினி ஒன்றோ சிறப்பு மென்பொருளோ தேவைப்பட்டது. பிற்காலத்தில் செயற்கைக்கோளும் இணையமும் இந்த அஞ்சல் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

இரண்டு டெராபைட்டு எல்லை

எம்.பி.ஆர். பட்டியல் பாகங்களின் அளவை 32 இரும இலக்கங்களில் குறிக்கிறது. 512 பைட்டுத் துண்டுகளாக எண்ணினால் ஏறத்தாழ 2 டெராபைட்டுடன் எண் தீர்ந்துவிடும். 3 டெராபைட்டுத் தட்டுகள் கடைக்கு வந்தபோது, பழைய முறையில் பிரித்தவர்களுக்கு மீதி இடம் கிடைக்கவில்லை. இன்டெல் நிறுவனம் முன்னெடுத்த ஜி.பி.டி. என்னும் புதிய பாகப் பட்டியல் இதற்குத் தீர்வானது. இதில் பொதுவாக 128 பாகங்கள் வரை வைக்கலாம். பட்டியலின் நகல் ஒன்று தட்டின் இறுதியிலும் எழுதப்படுவதால், தொடக்கப் பகுதி கெட்டாலும் மீட்க வழியுண்டு. 2006-இல் இன்டெல் செயலிக்கு மாறிய மேக் கணினிகள் இதனை இயல்பாகப் பயன்படுத்தின.

புதிய தட்டின் கொள்ளளவு குறைவாகத் தெரிவது தனிச் செய்தி. தயாரிப்பாளர்கள் 1 டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட்டு எனக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024-இன் மடங்குகளாகக் கணக்கிடுவதால் அதே தட்டு 931 ஜிகாபைட்டு எனக் காட்டப்படுகிறது. இதில் ஏமாற்றோ பழுதோ இல்லை.

எக்ஸ்ஃபாட்: பொது முறையின் வருகை

பெரிய கோப்புகளையும் ஏற்று, எளிமையாகவும் இருக்கும் எக்ஸ்ஃபாட் முறையை மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்டது. 2009-இல் அதிகக் கொள்ளளவு கொண்ட எஸ்.டி. நினைவட்டைகளுக்கு இதுவே தரமாக ஏற்கப்பட்டது. 2010-இல் மேக் இயங்குதளமும் இதனை ஏற்றது.

லினக்சு மட்டும் வெளியே நின்றது. எக்ஸ்ஃபாட் முறை காப்புரிமைகளால் காக்கப்பட்டிருந்தது. பயன்படுத்துவோர் உரிமம் பெற வேண்டியிருந்தது. காப்புரிமை பற்றிய அச்சம் வெறும் கற்பனையாக இல்லை. 2009 பிப்ரவரியில் டாம்டாம் என்னும் வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின்மேல் மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில், ஃபாட் முறையின் நீண்ட கோப்புப்பெயர் தொடர்பான காப்புரிமைகளும் இடம்பெற்றன. அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது. எனினும், கட்டற்ற மென்பொருள் உருவாக்குவோர் தயங்குவதற்கு அது போதுமானதாயிற்று.

2019 ஆகஸ்டு 28 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபாட் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்சு உட்கருவில் அதைச் சேர்ப்பதை ஆதரிப்பதாக அறிவித்தது. 2020 மே மாதம் வெளியான லினக்சு 5.7 பதிப்பில் சாம்சங் நிறுவனம் எழுதிய நிரல் இடம்பெற்றது. 2021-இல் வந்த 5.15 பதிப்பு என்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதும் ஆற்றலையும் உட்கருவுக்குள்ளேயே தந்தது. பாஸ் போன்ற இயங்குதளங்களைப் பயன்படுத்துவோருக்கு இம்மாற்றங்கள் தனி மென்பொருள் தேடும் வேலையைக் குறைத்தன.

எக்ஸ்ஃபாட் முறையில் குறிப்பேடு இல்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. எழுதிக்கொண்டிருக்கும்போது வடத்தைப் பிடுங்கினால் பதிவேடு குலைய வாய்ப்புண்டு. பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்த பிறகே தட்டைக் கழற்ற வேண்டும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

கோப்பு முறைமை கோப்பின் பெயரையும் சேமிக்கிறது. எனவே தமிழில் பெயரிடுவோருக்கு இவ்வரலாறு கூடுதலாக ஒரு முறை பொருந்துகிறது.

டாஸ் காலத்து ஃபாட் முறையில் பெயருக்கு 8 எழுத்தும் வகைக்கு 3 எழுத்துமே இடம். தமிழுக்கு வழியில்லை. 1995-இல் நீண்ட பெயர்கள் ஒருங்குறியில் சேமிக்கப்பட்டன. தமிழ் 1991 முதலே ஒருங்குறியில் இருந்தபோதும், விண்டோஸ் 2000 வரும் வரை மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்தில் தமிழ் ஒருங்குறி ஆதரவு இல்லை. இடைக்காலத்தில் பரவிய எட்டு இருமத் தமிழ் எழுத்துருக்களில் கோப்பின் உள்ளே தமிழ் தெரிந்தாலும், அதே முறையில் பெயரைத் தட்டினால் மேலைநாட்டு எழுத்துகளின் குவியலாகவே காட்சியளித்தது. தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கிலத்தில் பெயரிடும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது.

ஒருங்குறி வந்த பின்னும் இரண்டு இடர்கள் எஞ்சின. முதலாவது நீளம். என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபாட் ஆகியவை பெயருக்கு 255 குறியீடுகளை அனுமதிக்கின்றன. எக்ஸ்ட்4 முறை 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. லினக்சில் வழங்கும் யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டு எடுத்துக்கொள்வதால், எக்ஸ்ட்4 தட்டில் 85 தமிழ்க் குறியீடுகளுக்கே இடமுண்டு. உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். ஆங்கிலப் பெயருக்கு 255 எழுத்து தரும் அதே முறையில், நூல்தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் சேர்த்துத் தமிழில் பெயரிட்ட கோப்பு நகலெடுக்க மறுக்கப்படலாம்.

இரண்டாவது ஒகர வரிசை. கோயில் என்னும் சொல்லில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் ஒரே குறியீடாக, மொத்தம் 6 குறியீடுகளாக அச்சொல் சேரும். எச்.எஃப்.எஸ். பிளஸ் முறை அதனைப் பிரித்து 7 குறியீடுகளாகச் சேமித்தது. அங்கிருந்து ஜிப் பொதியாகவோ லினக்சுச் சேவையகத்துக்கோ கோப்பு சென்றால், கோயில் என்னும் பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்பதும், இருக்கும் கோப்பு தேடலில் அகப்படாமல் போவதும் நேரலாம். ஏ.பி.எஃப்.எஸ். முறை பெயரைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது.

இன்றைய நடைமுறை

தட்டு எந்தக் கணினிகளைச் சந்திக்கப்போகிறது என்பதைக் கொண்டு முறையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

- விண்டோஸ் மட்டும்: என்.டி.எஃப்.எஸ்.
- மேக் மட்டும்: ஏ.பி.எஃப்.எஸ்.; பழைய மேக் கணினிகளுக்கு எச்.எஃப்.எஸ். பிளஸ்.
- லினக்சு மட்டும்: எக்ஸ்ட்4.
- மூன்றும் கலந்து: எக்ஸ்ஃபாட்.
- பழைய தொலைக்காட்சி, காரின் ஒலிக்கருவி, அச்சுப்பொறி: ஃபாட்32.
- மேக் காப்புநகலும் பொதுப் பயன்பாடும் ஒரே தட்டில்: ஜி.பி.டி. பட்டியலில் இரண்டு பாகங்கள், காப்புநகலுக்கு ஏ.பி.எஃப்.எஸ்., மற்றதற்கு எக்ஸ்ஃபாட்.

பிரித்தலும் வடிவூட்டலும் தொடங்கும் முன் தட்டிலுள்ளவற்றை வேறொரு தட்டுக்கு நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தட்டின் இரண்டு பாகங்களில் வைத்த நகல் காப்பாகாது. தட்டு கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். படிக்க முடியாத தட்டு ஒன்றை வடிவூட்டலாமா என்று கணினி கேட்டால் மறுத்துவிட்டு, வேறு இயங்குதளமுள்ள கணினியில் செருகிப் பார்ப்பது முதல் படியாகும். லினக்சு இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கியும் இதைச் செய்யலாம்.

நிலைத்திருத்தல் சிக்கல்

அம்பத்தூர் வட்டாரம் இன்று தரவு மையங்களின் இடமாகவும் விளங்குகிறது. என்.டி.டி. நிறுவனம் 2023-இல் அங்கே தரவு மைய வளாகம் ஒன்றைத் திறந்தது. கோப்புகளை இணையத்தில் வைப்போருக்குக் கோப்பு முறைமை கண்ணில் படுவதில்லை. சேவை வழங்குநரே அதைக் கவனித்துக்கொள்கிறார். எனினும் ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், நூல்களின் மின்வருடல்கள் ஆகியவற்றைப் பெருமளவில் வைத்திருக்கும் குடும்பங்களும் நூலகங்களும் புறவன்தட்டுகளைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன.

1994-இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் நூல்களை நுண்படச்சுருளில் பாதுகாத்தது. நுண்படத்தை ஒளியும் உருப்பெருக்கியும் இருந்தால் எக்காலத்திலும் படிக்கலாம். வன்தட்டுக்கு அந்த வசதி இல்லை. அதைப் படிக்க இயங்கும் கருவியும், பொருந்தும் வடமும், அதன் கோப்பு முறைமையின் விதிகளை அறிந்த மென்பொருளும் ஒருசேர வேண்டும். விதிகள் வெளிப்படையாகப் பதிப்பிக்கப்பட்ட முறைகளுக்கு, அவற்றை உருவாக்கிய நிறுவனம் கைவிட்ட பிறகும், புதிதாக மென்பொருள் எழுதிக்கொள்ள முடியும். இக்காரணத்தால் நீண்டகாலச் சேமிப்புக்கு வெளிப்படையான கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு நகலெடுப்பதும், தட்டின் உறையில் வடிவூட்டிய முறையையும் ஆண்டையும் எழுதி ஒட்டுவதும் பயனுள்ள வழக்கங்களாகும்.